‘மூளையில் ரத்தக்கசிவு’ என்று மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், இருசக்கர வாகனத்திலிருந்து சறுக்கி விழுந்த இளைஞர் ஒருவர் இறந்த செய்தியைப் படித்தேன். விழுந்தவர் தாமே எழுந்து, வண்டியை நிமிர்த்தி, வீடு வந்து சேர்ந்து உறவினர்களிடம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்ததாகவும், இரண்டு மணி நேரம் கழித்துத் திடீரென மயங்கியதாகவும், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் ‘மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு’ உயிரிழந்ததாகவும் அதில் எழுதப்பட்டிருந்தது. ‘வெளிக்காயம் எதுவும் இல்லாத நிலையில்’ என்ற சொற்களும் இருந்தன. முப்பத்தோர் ஆண்டுகள் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென மயங்குவது செய்தியாளருக்கு வியப்பாக இருந்திருக்கலாம். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று அறிந்தவருக்கு அது முன்கூட்டியே எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய ஒன்று. தலையில் அடிபட்டவருக்கு ரத்தம் கசிந்தது என்பது பாதிச் செய்திதான். அந்த ரத்தம் எந்த உறைக்கு எந்தப் பக்கம் தேங்கியது என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. அதைப் பற்றியே இக்கடிதம்.

முதலில், ஊரெங்கும் சொல்லப்படும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். தலை உடைந்து சட்டையெல்லாம் ரத்தமாக நிற்பவரைப் பார்த்து, “ரத்தம் வெளியே வந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று, உள்ளே உறைந்திருந்தால்தான் ஆபத்து” என்று ஆறுதல் சொல்வார்கள். வெளியே வருவது தலைத்தோலின் ரத்தம். தலைத்தோலின் ரத்தக்குழாய்கள் இறுகிய நார்த்திசுவுக்குள் பிடித்து நிறுத்தப்பட்டிருப்பதால், வெட்டுப்பட்டால் மற்ற இடங்களில் போலச் சுருங்கி மூடிக்கொள்ள இயலாமல் வாய் பிளந்தபடி நிற்கின்றன. அதனால்தான் சிறிய காயத்துக்கும் அவ்வளவு ரத்தம் கொட்டுகிறது. சுத்தமான துணியை வைத்து எலும்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றும் விடுகிறது. மண்டைக்குள் கசியும் ரத்தத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வெளியே ஒரு குடம் கொட்டினாலும் உள்ளே கசிவது நிற்காது. வெளியே ஒரு சொட்டும் வராமலே உள்ளே ரத்தக்கட்டி வளரலாம். ஆகவே ‘வெளிக்காயம் இல்லாத நிலையில்’ என்று எழுதும்போது, அது ஏதோ புதிர் என்பதுபோன்ற தொனி வந்துவிடுகிறது.

மண்டையோடு என்று நாம் ஒரே பொருளாகச் சொன்னாலும் அது 22 எலும்புகளின் கூட்டு. அவற்றுள் 14 முகத்துக்கு; மீதி எட்டுதான் மூளையைச் சுற்றிய பெட்டி. பிறக்கும்போது இந்த எட்டும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை; பிரசவத்தின்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி, தலை வெளிவர வழிவிடுகின்றன. பாட்டிமார் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி, அந்த எலும்புகளுக்கு நடுவே இன்னும் மூடாத இடமேயன்றி வேறில்லை. ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் மூடிவிடும். வளர்ந்தவரின் மண்டையில் இந்த இணைப்புகள் ரம்பப் பல் போலக் கோத்துக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை. பின்மண்டை தடித்தது. காதுக்கு முன்னே, மேலே உள்ள பகுதியோ காகிதம் போன்றது. முதலாண்டு மாணவர்களுக்கு நான் இதைப் பேசிப் புரியவைக்க முயன்றதே இல்லை. மேற்பகுதி அறுத்து எடுக்கப்பட்ட மண்டையோடு ஒன்றைக் கையில் எடுத்து, ஜன்னல் வெயிலுக்கு எதிரே பிடித்து, உட்புறமாகப் பார்க்கச் சொல்வேன். நெற்றி இருட்டாக இருக்கும். பிடரி இருட்டாக இருக்கும். பொட்டெலும்பு மட்டும் இளஞ்சிவப்பாக ஒளிரும். வெளிப்பக்கம் விரலை வைத்தால் விரலின் நிழல் எலும்பின் வழியே தெரியும். பார்த்த பிள்ளைகள் அறியாமலே தங்கள் கையைத் தங்கள் பொட்டில் வைத்துக்கொள்வார்கள்.

‘பொட்டில் அறைந்தாற்போல்’ என்று நாம் சொல்கிறோம். மொழி அந்த இடத்தைச் சும்மா தேர்ந்தெடுத்துவிடவில்லை. கன்ன எலும்பின் வளைவுக்கு மேலே இரண்டு விரற்கடை, கண்ணின் வெளியோர எலும்புக்குப் பின்னே ஒரு கட்டைவிரல் அகலம் என்று அளந்து வைத்தால், நெற்றியெலும்பு, உச்சியெலும்பு, பொட்டெலும்பு, ஆப்பெலும்பு ஆகிய நான்கும் சந்திக்கும் இடம் வரும். மண்டையோட்டின் மிக மெல்லிய இடங்களுள் அதுவும் ஒன்று. அதன் நேர் உட்புறத்தில் மூளையுறைக்கான நடுத் தமனி ஓடுகிறது. இது மண்டையின் அடித்தளத்தில் உள்ள ஊசித்துளை போன்ற ஒரு வழியாக நுழைந்து, எலும்பின் உட்பரப்பை ஒட்டியே மேலேறிக் கிளைவிடுவது. அரச இலையின் நரம்புகளைப் போன்ற பள்ளங்களை அது எலும்பிலேயே பதித்து வைத்திருக்கும். உலர்ந்த மண்டையோட்டில் விரல்நுனியால் தடவினாலே அவை தட்டுப்படும். சிலருக்குப் பொட்டின் உட்புறத்தில் அந்தப் பள்ளம் ஒரு சிறு சுரங்கமாகவே மூடியிருக்கும். எலும்பில் மயிரிழை அளவுக்கு விரிசல் விழுந்தாலும், அதைக் குறுக்கே கடக்கும் தமனியும் சேர்ந்து கிழிய இவ்வளவு போதும்.

1986-இல் எங்கள் தெருவில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினாறு வயதுப் பையன். கோயில் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும்போது கார்க் பந்து இடது பொட்டில் பட்டது. சற்று நேரம் உட்கார்ந்திருந்தான், தண்ணீர் குடித்தான், திரும்பவும் ஆடப் போனான். அவனுடைய அப்பா அவனை அருகில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். வெளிக்காயம் இல்லை, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி ஒரு வலிமாத்திரையுடன் அனுப்பிவிட்டார்கள். இரவு தயிர்சாதம் சாப்பிட்டான், தலை வலிக்கிறது என்றான், ஒருமுறை வாந்தி எடுத்தான், படுத்தான். நள்ளிரவுக்குப் பிறகு அவன் பெரிதாகக் குறட்டை விட்டதாக அவனுடைய அம்மா பின்னர் சொன்னார். களைத்துப்போய் அசந்து தூங்குகிறான் என்றே அவர் நினைத்திருக்கிறார். விடியற்காலை நான்கரை மணிக்கு என்னை வந்து எழுப்பினார்கள். டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தபோது இடது கண்ணின் பாவை பெரிதாக விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றது. அந்தத் தமனியின் பாதையைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதற்காக அரசு எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. மாலையில் அவனைப் பந்தோடு தெருவில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவனும் நான்தான்.

அடிபட்டதற்கும் மயங்குவதற்கும் இடைப்பட்ட அந்த நேரம் எப்படி வருகிறது என்பதற்கு உறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூளைக்கு மூன்று உறைகள். வெளியே உள்ள டியூரா தோல் போலத் தடித்தது; மண்டையெலும்பின் உட்பரப்போடு ஒட்டியது. நடுவில் அரக்னாய்டு, சிலந்திவலை போன்ற மெல்லிய இழைகள் உடையது. உள்ளே பையா, மூளையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இறங்கி அதனோடு தோலாகவே படிந்திருப்பது. மேற்சொன்ன தமனி டியூராவுக்கும் எலும்புக்கும் நடுவே இருப்பது. அது கிழிந்தால் ரத்தம் டியூராவை எலும்பிலிருந்து உரித்துக்கொண்டு சேர்கிறது. எலும்புகள் இணையும் கோடுகளில் டியூரா மிக இறுக்கமாக ஒட்டியிருப்பதால் ரத்தம் அவற்றைத் தாண்டிப் பரவ இயலாமல் உள்நோக்கிப் புடைக்கிறது. சி.டி. ஸ்கேனில் மாங்கொட்டையைப் போல இருபுறமும் குவிந்து தெரிவது இதனால்தான். கவனியுங்கள்: இந்த ரத்தத்தில் ஒரு துளியும் மூளைக்குள் இல்லை. மூளை அந்த நேரத்தில் பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கிறது. ஆகவேதான் அடிபட்டவர் பேசுகிறார், சிரிக்கிறார், சாப்பிடுகிறார்.

ஆனால் பெட்டி மூடிய பெட்டி. அதற்குள் மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே கொள்ளளவுதான். ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் மன்ரோ 1783-இலும் ஜார்ஜ் கெல்லி 1824-இலும் சொன்ன இந்த விதி இன்றும் மாறவில்லை. கட்டி சிறிதாக இருக்கும்வரை நீரும் சிரைகளின் ரத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி இடம் கொடுக்கின்றன, அழுத்தம் ஏறுவதில்லை, ஆளும் நன்றாகவே இருக்கிறார். கொடுக்க இடம் தீர்ந்த பிறகு, அடுத்து வரும் ஒரு தேக்கரண்டி ரத்தத்துக்கே அழுத்தம் கிடுகிடுவென ஏறிவிடுகிறது. மூளை ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, டியூராவின் மடிப்பினால் ஆன கூடாரம் போன்ற தட்டின் விளிம்பைத் தாண்டிக் கீழே பிதுங்குகிறது. அங்கே கண்பாவையைச் சுருக்கும் நரம்பு நசுங்குகிறது. அந்தப் பையனின் இடது கண்ணில் நான் பார்த்தது அதைத்தான். 2009 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்த நடிகை நடாஷா ரிச்சர்ட்சனுக்கும் இதுவே நேர்ந்தது. நன்றாக இருக்கிறேன் என்று அவர் எழுந்து அறைக்குப் போனார். முதலில் வந்த ஆம்புலன்ஸ் திருப்பி அனுப்பப்பட்டது. சிறிது நேரத்தில் தலைவலி தொடங்கியது. இரண்டு நாளில் இறந்தார். காரணம், டியூராவுக்கு மேலே தேங்கிய ரத்தம். காலத்தோடு மண்டையில் துளையிட்டு ரத்தத்தை எடுத்துவிட்டால், மூளை அறுவையில் இவ்வளவு முழுமையாகப் பிழைக்க வைக்கக்கூடிய நிலைமைகள் சிலவே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதியவர்களின் கதை வேறு. வயதாக ஆக டியூரா எலும்போடு மேலும் மேலும் ஒட்டிக்கொள்வதால், அவர்களுக்கு அதன் மேலே ரத்தம் தேங்குவது அரிது. ஆனால் மூளை சற்றே சுருங்கிவிடுகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து டியூராவில் உள்ள பெரிய ரத்தவழிக்குப் போகும் சிரைகள், இடைவெளி கூடியதால் இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு போல நிற்கின்றன. குளியலறையில் வழுக்கினாலும், தலைவாசல் நிலையில் இடித்துக்கொண்டாலும் அவற்றில் ஒன்று அறுந்துவிடலாம். இது சிரை ரத்தம், அழுத்தம் குறைந்தது, டியூராவுக்குக் கீழே மெல்ல மெல்லப் பரவி ஸ்கேனில் பிறைபோலத் தெரியும். நாள் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில் கூட ஆகலாம். என் மாமியார் எழுபத்தெட்டு வயதில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்ததை அவரே மறந்துவிட்டார். ஒரு மாதம் கழித்துப் பெயர்களை மாற்றிச் சொல்லத் தொடங்கினார். இடது கையிலிருந்து டம்ளர் நழுவியது. வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். இதயத்துக்காக அவர் ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்தது எனக்கு நினைவுக்கு வந்ததால் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். இரண்டு துளைகள் வழியே பழைய எஞ்சின் எண்ணெய் நிறத்தில் திரவம் வந்தது. மூன்றாம் நாள் காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று மருமகளைக் கடிந்துகொண்டார். இதையும் தங்கள் செய்தி ‘மூளையில் ரத்தக்கசிவு’ என்றுதான் எழுதும். பொட்டில் அடிபட்ட பையனுக்கும் அதே சொற்கள்தான். ஒன்றில் சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மற்றொன்றில் ஒரு மாதத்துக்கு முன்பு நடந்த வழுக்கலை நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது இடம் அரக்னாய்டுக்கும் பையாவுக்கும் நடுவே. மூளைத் தண்டுவட நீர் இருப்பது இங்கேதான். எந்த நேரத்திலும் ஏறத்தாழ 150 மில்லி; ஆனால் ஒரு நாளில் சுரப்பது அரை லிட்டர் அளவு. காற்றில் 1,400 கிராம் இருக்கும் மூளை இந்த நீரில் மிதக்கும்போது ஏறக்குறைய 50 கிராம் எடையாகவே தன்னைத் தாங்கிக்கொள்கிறது. இல்லையென்றால் அது தன் பாரத்தாலேயே அடித்தளத்து எலும்பில் நசுங்கிப்போகும். மூளையின் பெரிய தமனிகளும் இந்த நீரில்தான் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றில் பிறந்து வளர்ந்த சிறு புடைப்பு அடிபடாமலே வெடிக்கலாம்; வாழ்நாளில் கண்டிராத தலைவலி ஒரே நொடியில் உச்சத்தை எட்டும். 2014 நவம்பர் 25-இல் சிட்னி மைதானத்தில் பந்து பட்டு, இரண்டு நாள் கழித்து இறந்த ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பிலிப் ஹியூஸுக்கு ரத்தம் சேர்ந்ததும் இந்த இடத்தில்தான். பந்து அவருடைய மண்டையில் படவில்லை. தலைக்கவசத்துக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டில் பட்டு, முதுகெலும்பை ஒட்டி மூளைக்கு ஏறும் தமனியைக் கிழித்தது. பல தமிழ்ச் செய்திகளில் ‘தலையில் பந்து தாக்கி’ என்றே படித்த நினைவு.

கிரிக்கெட்டைப் பற்றி எழுதும்போது இன்னொருவரையும் சொல்லத் தோன்றுகிறது. 1962 மார்ச்சில் பார்படோஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையில் பட்டு மண்டையோட்டில் விரிசல் விழுந்தது. அந்தக் காலத்தில் தலைக்கவசம் ஏது? அறுவை செய்து ரத்தத்தை அகற்றினார்கள். மேற்கிந்திய அணித் தலைவர் ஃபிராங்க் வோரல் ரத்தம் கொடுத்தார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்தவர் பிழைத்தார். எலும்பு போன இடத்தில் உலோகத் தகடு வைத்தவர், 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய மருத்துவர் ஜேக்கப் சாண்டி. அந்தத் தகடு அறுபது ஆண்டுகள் இருந்து, 2022-இல்தான் அகற்றப்பட்டது.

உறைகளைப் பற்றிய குழப்பம் விபத்துச் செய்திகளோடு நிற்கவில்லை. ‘மூளைக்காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லை நாளிதழ்கள் இரண்டு நோய்களுக்குப் பயன்படுத்துகின்றன. ஒன்று மூளையின் திசுவிலேயே வரும் அழற்சி. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அந்த வகை. மற்றொன்று மூளையின் உறைகளில் வரும் அழற்சி. பெரும்பாலும் பாக்டீரியாவாலும் வைரஸாலும் வருவது. கழுத்து விறைத்துக்கொள்வதும், குழந்தைக்கு உச்சிக்குழி புடைப்பதும் இதன் அடையாளங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு, தடுப்பூசியும் வேறு. 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கப்பட்ட ஐந்து நோய்த் தடுப்பூசியில் உறையழற்சி உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கான மருந்தும் அடக்கம். அது ஜப்பானிய மூளைக்காய்ச்சலைத் தடுக்காது. ஐந்து நோய் ஊசி போட்டாயிற்றே, பிறகு எப்படி மூளைக்காய்ச்சல் வந்தது என்று என்னிடம் கேட்ட தாய்மார்களுக்கு இந்த ஒற்றைச் சொல்லைத்தான் குறை சொல்ல வேண்டியிருந்தது.

சொல் என்று வந்ததால் இதையும் குறிப்பிடுகிறேன். நமது பாடநூல்களில் ‘டியூரா மேட்டர்’ என்று படிக்கும் பிள்ளைகள், மேட்டர் என்றால் ‘விஷயம்’ என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது லத்தீனில் தாய். அரபு மருத்துவர்கள் உறைகளைத் தாய் என்று அழைத்ததை, 12ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவைச் சேர்ந்த ஸ்டீபன் லத்தீனில் அப்படியே பெயர்த்துவிட்டார். இலங்கைத் தமிழ்க் கலைச்சொல்லாளர்கள் இதை வன்றாயி, மென்றாயி என்று எடுத்துக்கொண்டார்கள். வன்மையான தாய், மென்மையான தாய். எனக்கு அவை பிடித்தமான சொற்கள். ஆனால் செய்தித்தாளில் அவற்றை எழுதச் சொல்ல மாட்டேன். ‘மூளை உறைக்கு மேலே ரத்தம் தேங்கி’, ‘உறைக்குக் கீழே ரத்தம் கசிந்து’, ‘மூளைக்குள்ளேயே ரத்தம் கசிந்து’ என்று மூன்று விதமாக எழுதினால் யாருக்கும் புரியும். மருத்துவமனை தரும் குறிப்பில் இந்த விவரம் அநேகமாக இருக்கும். செய்தியாளர் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

இன்னும் இரண்டு குறிப்புகள். அடிபட்ட பிறகு மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் சொட்டினால் அது சளி என்று சிந்தி எறியக் கூடாது. பஞ்சு வைத்து அடைக்கவும் கூடாது. மூக்கின் கூரையாக இருக்கும் சல்லடை போன்ற மெல்லிய எலும்போ, காதை ஒட்டிய எலும்போ விரிசல் விட்டு, உறையும் கிழிந்து, மூளைத் தண்டுவட நீர் ஒழுகுகிறது என்பதே அதன் பொருளாக இருக்கலாம். நீர் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகும். அடுத்தது, காவலர் கண்ணுக்காக மாட்டிக்கொள்ளும் அரைக் கவசங்களும், கட்டுமான வேலைக்கான மஞ்சள் தொப்பிகளும். அவை உச்சந்தலையை மூடுகின்றன. உச்சந்தலை ஏற்கெனவே தடித்த எலும்பு. நான் ஜன்னல் வெயிலில் காட்டிய அந்த மெல்லிய இடம், இரண்டு விரற்கடை மேலே ஒரு கட்டைவிரல் பின்னே, வெறுமையாகத் திறந்து கிடக்கிறது. தலைக்கவசத்துக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 4151 முத்திரை உள்ள முழுக் கவசத்தை வாங்கி, நாடாவைத் தாடைக்குக் கீழே பூட்டியவர்களைத்தான் கவசம் அணிந்தவர்கள் என்று எண்ண வேண்டும்.

தலையில் அடிபட்டு நினைவு தப்பாதவரையும், அல்லது தப்பித் தெளிந்தவரையும், முதல் இருபத்து நான்கு மணி நேரம் தனியே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு வரியை இத்தகைய விபத்துச் செய்திகளின் அடியில் ஒரு சிறு கட்டத்துக்குள் தாங்கள் அச்சிட்டால் நன்றாக இருக்கும். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், வழக்கமில்லாத குறட்டை, ஒரு கண்ணின் பாவை பெரிதாவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூங்கி எழட்டும் என்று விடக் கூடாது.

தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் சில மாதங்களுக்கு முன்பு வந்த மண்டையோட்டுப் படத்தில் மூளையைச் சுற்றி ஒரே ஒரு கோடுதான் போடப்பட்டிருந்தது. மூன்று உறைகளையும், அவற்றின் இடையில் ரத்தம் தேங்கும் இடங்களையும், பொட்டின் அளவையும் காட்டும் கோட்டுப்படம் ஒன்றை நானே வரைந்து இத்துடன் இணைத்துள்ளேன். கை சற்று நடுங்குகிறது; தங்கள் ஓவியர் திருத்தி வரைந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கூறியல் பேராசிரியர்,
கும்பகோணம்.